மாற்றுப் பிரதி

“நாமளே ஒரு மெஷின வாடகைக்கு எடுத்து, டேட்டாபேஸ நாமளே ஏத்தி, நாமளே பாத்து—”

“நாமளேன்னா யாரு, நீதானே? பகல் ராத்திரி பாக்காம—”

“பிடி நம்ம கையில இருக்கும்ல.”

“பிடிச்சுக்கிட்டே இரு. நேத்து உன் வீட்ல உக்காந்து, கிளவுட் கம்பெனிக்காரங்ககிட்டயே பொறுப்ப விட்டுடலாம்னு நீதானே சொன்ன அக்கா?”

அக்கா தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். நேற்று அவள் வீட்டுக்கே போகவில்லை.

சண்டையில் ஜெயிக்கத் தம்பி புளுகு மூட்டையை அவிழ்ப்பது புதிதல்ல என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆய்வகங்களின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காத்துக்கொடுப்பது அவர்கள் இருவரின் தொழில். நோயாளி, மாதிரி, முடிவு என்று ஒன்றோடொன்று பின்னிய அட்டவணைகள்; ஓர் இழை அறுந்தால் ஒருவரின் ரத்தம் இன்னொருவர் பெயரில் போய் உட்காரும். அலுவலக மூலையிலிருந்த பழைய மெஷின் சூடான தூசி வாடையோடு முனகத் தொடங்கியதிலிருந்து அவள் சோபாவில்தான் படுக்கிறாள். மகள் போன் செய்யும்போதெல்லாம், இந்த வேலை முடியட்டும் என்று துண்டித்துவிடுவாள்.

கம்பெனியிடம் விட்டால் எல்லாம் இணையம் வழியே எங்கோ இருக்கும் அவர்கள் மெஷினில் ஏறிவிடும், பராமரிப்பு, பிரதி எடுப்பது எல்லாம் அவர்கள் தலைவலி என்றான் தம்பி. எந்நேரமும் ஒரு மாற்றுப் பிரதி தயாராக நிற்கும். அசல் பதில் சொல்லாவிட்டால் அதுவே அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். யாரையும் கேட்காமலா என்றாள் அவள்.

“பதில் சொல்லாதவகிட்ட என்னத்தக் கேக்கறது?” என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. “இதையும் நீயே கட்டிக்கிட்டு அழுதா, பிள்ளைக்கு உன் முகமே மறந்துடும்.”

அந்தச் சொல் தைத்தது. சரி, அவர்களிடமே விடுவோம் என்றாள். இன்று பிள்ளையோடுதான் சாப்பாடு என்றும் சொன்னாள். தம்பி எல்லாவற்றையும் கிளவுடில் பிரதியெடுத்து வைத்துவிட்டுக் கிளம்பிப்போனான். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அவள் ஒரு தப்புச் செய்தாள். பழைய மெஷினை நிறுத்தாமலே கிளவுடில் இருந்த பிரதியை அசலாக்கிவிட்டாள். பாதி ஆய்வகங்கள் முடிவுகளைப் பழையதில் எழுதின, பாதி புதியதில்.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் திட்டவில்லை.

“ரெண்டுமே நாந்தான் அசல்னு நம்பும். ரெண்டையும் வச்சுக்க முடியாது. பழசுல மட்டும் ஏறுன நாலு வரிய ஆய்வகத்துல கேட்டு வாங்கிக்கலாம். புதுசா நடந்ததெல்லாம் எதுகிட்ட இருக்கோ அத வச்சுக்க. பழச அழிச்சிடு.”

அழித்தாள். மூலையில் விசிறியின் முனகல் தேய்ந்து, இழுத்து, அடங்கியது. இத்தனை நாள் அந்தச் சத்தத்துக்குள்தான் தூங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் வீட்டுப் படியேறும்போது அந்தி மங்கியிருந்தது. மழை ஈரம் சுவரில் பூத்து, மாடி வளைவில் பழந்துணி வாடை அடித்தது. கதவின் கீழிடுக்கில் மஞ்சள் வெளிச்சம். அதைக் குறுக்கே மறைத்து ஒரு நிழல் போயிற்று, திரும்பி வந்தது, அடுப்படிக்கும் மேசைக்கும் நடப்பதுபோல. வீட்டில் மகளும், துணைக்கு வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணும்தான் இருக்க வேண்டும். ஆனால் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. இடது குதிகால் தேய்ந்தது. ஈரமாக.

குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அதே செருப்பு. அதே தேய்வு.

உள்ளே யாரோ பாடினார்கள். மெதுவாக. அவள் எப்போதும் சுருதி தப்பும் இடத்தில் தப்பியது. பிறகு இருமல். அவளுடைய இருமல்.

மணியை அழுத்தினாள்.

பாட்டு நின்றது. சின்னக் காலடிகள். சங்கிலியை எடுக்காமல் கதவு ஒரு சாண் திறந்தது. மகள். முன்பல் ஒன்று இல்லை. எப்போது விழுந்தது? ஈறு ஆறி, புதுப்பல் முனை தெரிந்தது.

“கண்ணு,” என்றாள்.

குழந்தை பயப்படவில்லை. மேலும் கீழும் பார்த்தது. வீடு மாறி வந்த பொட்டலத்தைப் பார்ப்பதுபோல. பிறகு உள்ளே திரும்பியது.

“அம்மா, நீ சொன்ன மாதிரியே பழசு வந்து நிக்குது. மாமாவ வரச் சொல்லவா, அழிக்கிறதுக்கு?”