கேட்பவர்: ஒருவர்

ஞாயிற்றுக்கிழமை மதியம். கணினிகளில் நுழைந்திருந்த எல்லாரையும் வெளியேற்றிவிட்டுத்தான் அவன் வேலையை ஆரம்பித்திருந்தான். அப்படியும் திரையின் ஓரத்தில் அந்த வரி நின்றது: கேட்பவர்: ஒருவர்.

புது மென்பொருள், பல் முளைக்கிற வரைக்கும் இப்படித்தான் எதையாவது உளறும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி சரிபார்த்தான். நாற்பது சர்வர்கள். ஒன்றிலும் ஆள் இல்லை.

மனசு சரியில்லாதவர்கள் போன் பண்ணிப் பேசுகிற உதவி மையம் அது. வரும் அழைப்பெல்லாம் பதிவாகி, அந்த நாற்பது சர்வர்களையும் கோத்த கிளஸ்டரில் போய்ச் சேரும். யார் எதைக் கேட்கலாம் என்று தடுக்க அங்கே ஒரு பூட்டும் இருந்ததில்லை. அவன்தான் அங்கே அட்மின். ஐயா இருக்கிறாரே, பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். ஐயா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்!

இப்போதுதான் இந்தப் புது மென்பொருள் பூட்டாக வந்திருக்கிறது. முதல் ஒரு வாரம் அது யாரையும் தடுக்காது, பழைய பதிவேடுகளையும் சேர்த்து வாசித்து, யார் எதைத் திறந்தார்கள் என்று எழுதிக்கொண்டிருக்கும். இன்றோடு அந்த வாரம் முடிகிறது. நாளை காலை பட்டியல் மேனேஜர் மேசைக்குப் போகும்.

பட்டியல் முழுக்க அவன் பெயர்தான். பொழுது போகாமல் ஆரம்பித்த பழக்கம் அது. சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் அழுவதைக் கேட்பான். இதைவிடக் கேவலமான பொழுதுபோக்கு ஒன்று உண்டா? மற்றதற்கெல்லாம் சோதித்துப் பார்த்தேன் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஒரே எண்ணிலிருந்து வந்த ஒன்பது அழைப்புகளுக்கு என்ன சாக்கு சொல்வது?

அது அவனுடைய அக்காவின் எண்.

வீட்டில் எல்லாரையும் கிண்டலடித்துக்கொண்டு வளைய வருகிறவள், போனில் முகம் தெரியாத யாரோ ஒருத்தியிடம், "இருக்கவே பிடிக்கலைங்க," என்றாள். அவன் கேட்டான். அடுத்த வாரமும் கேட்டான். ஒன்பதையும் கேட்டான். நடுவில் ஒருநாள் அவளே அவன் தோளைத் தட்டி, "என்னடா தம்பி, மூஞ்சியே சரியில்ல? ஏதாவது சொல்லணுமா?" என்றாள். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பாள். வேலை போகும், மானம் போகும். "ஒண்ணுமில்லக்கா, தூக்கமில்ல," என்றான்.

பத்தாவது அழைப்பு வரவில்லை. அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டு மூன்று மாதம் ஆகிறது. அக்கா வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், "உன்கிட்டயாவது ஏதாவது சொன்னாளா மாப்ள?" இவனும் கூசாமல், "இல்ல மாமா," என்கிறான்.

ஜன்னல் இல்லாத அந்த அறையில் விசிறிகளின் இரைச்சல் காதை அடைத்தது. எலும்புவரை குளிர். சூடான ஒயர்களின் வாசனைக்கு நடுவே, எங்கிருந்தோ தலைவலித் தைலத்தின் நெடி லேசாக வந்து போனது. அக்கா நெற்றியில் எப்போதும் பூசிக்கொள்கிற தைலம். அவன் திரும்பிப் பார்க்காமல், பட்டியலிலிருந்து அந்த ஒன்பது வரிகளையும் தேடி அழித்தான். பிறகு பூட்டை இயக்கினான். இனி அனுமதி இல்லாமல் யாரும் எதையும் திறக்க முடியாது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான்.

கேட்பவர்: ஒருவர்.

எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்தான். இன்றைய தேதியிட்ட ஒரு பதிவு. அக்காவின் எண்ணிலிருந்து வந்தது. பத்தாவது. அதன் அளவு நொடிக்கு நொடி கூடிக்கொண்டே போனது.

அனுமதி உள்ளவர் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும் இருந்தது. பக்கத்தில், கேட்க மட்டும்.

தன் பெயரை நீக்கினான். 'உரியவர் மட்டுமே மாற்றலாம்.' வேறு பதிவைத் திறந்தான். அனுமதி இல்லை. தன் சொந்தக் கோப்புகள். அனுமதி இல்லை. எழுந்து ஓடிக் கதவில் கார்டை வைத்தான். சிவப்பு. மறுபடி வைத்தான். சிவப்பு.

விசிறிகள் நின்றன. நாற்பதும், ஒரே நொடியில்.

மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. திரையில் அந்தப் பதிவு தானாகத் திறந்துகொண்டது. இரண்டு கோடுகள். மேலே அழைத்தவரின் குரல், கீழே கேட்பவரின் குரல். மேல்கோடு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. கீழ்க்கோடு அசையவில்லை.

"சொல்லுடா தம்பி," என்றாள் அக்கா. "இத்தனை நாளும் கேட்டுட்டுதானே இருந்தே."

வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை போதும். இதுவும் பதிவாகுமே, நாளைக்கு மேனேஜர் கேட்பாரே என்ற நினைப்பு குறுக்கே வந்தது. அந்த நேரத்திலும் வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

மேல்கோடு காத்திருந்தது. வெகுநேரம்.

பிறகு, "சரிடா," என்றாள்.

அந்த ஒரு சொல்லில் அவனுக்குள் எல்லாம் உடைந்துபோயிற்று. "அக்கா!" என்றான். "போகாதக்கா! எனக்குத் தெரியும்க்கா, எல்லாம் தெரியும்!" தொண்டை கிழியக் கத்தினான். திரையைப் பிடித்து உலுக்கினான். மேசையில் குத்தினான்.

கீழ்க்கோடு அசையவில்லை.

மேல்கோட்டில் அக்கா அழ ஆரம்பித்தாள். கதவில் விளக்கு சிவப்பாகவே எரிந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.