ஒரு சக்கரம் வெளியே

“எவ்வளவு காட்டுது?” என்று தலைக்கு மேலிருந்து கேட்டார் கணவர்.

அவள் குனிந்தபடியே இருந்தாள். தரையில் எடை மெஷின். அதன்மேல் அவருடைய இரண்டு பாதங்கள், நடுவில் சிவப்பாக எண்கள்.

“நேத்தைவிடக் குறைச்சல்தான்...”

சொன்னவள் குரலில் சந்தோஷம் இல்லை. எப்படி இருக்கும்? எண்களுக்கு இரண்டு பக்கமும் இருந்த பாதங்கள் பொதுபொதுவென்று வீங்கியிருந்தன. கணுக்காலில் காலுறை விளிம்பு பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. போன வாரம் வரை ஏறிய செருப்பு இன்று காலில் ஏற மறுத்தது. செருப்புக்குக் கனமாகிவிட்ட மனிதர் மெஷினுக்கு மட்டும் லேசாகிக்கொண்டே போனார்.

பீரோ கதவு கிரீச்சென்றது. அவள் நிமிர்வதற்குள் அவர் இறங்கியிருந்தார். பீரோ தானாகவே மெல்லத் திறந்துகொண்டது. உள்ளே அவருடைய பழைய காக்கிச் சட்டைகள், காற்றே இல்லாத அறையில், ஒன்றன்பின் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தன. கைப்பிடியைத் திருகி மூடிவிட்டுத்தானே குனிந்தேன் என்று கைப்பிடியையே பார்த்தாள். தினமும் இதே கூத்துதான். எடை பார்த்து முடிந்ததும் யாரோ உள்ளிருந்து தள்ளுவதுபோல அந்தக் கதவு திறக்கும்.

“குறைஞ்சிருக்கா? சபாஷ்,” என்றபடி காபி டம்ளரோடு வாசலில் வந்து நின்றார் நாத்தனார். கணவருக்கு அக்கா. பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தோரணை மட்டும் ஓய்வு பெறவில்லை. “அப்புறம் ஏம்மா எழவு வீடு மாதிரி மூஞ்சிய வச்சிருக்கே? என் தம்பி நல்லானா உனக்கு ஆகாதா?”

“கால் வீங்கியிருக்கு அண்ணி... பாருங்களேன்...”

“நாள் பூரா தொங்கப் போட்டு ஒக்காந்திருந்தா வீங்காதா? உன் கண்ணுக்கு எல்லாமே கெட்டதாத்தான் தெரியும்.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடித்தான் பழக்கம்.

கணவருக்கு இதயம் தளர்ந்துபோயிருந்தது. ரத்தத்தைத் தள்ளிவிடத் தெம்பில்லாமல் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் வியாதி. போன முறை மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, வராந்தாவில் எல்லோர் முன்னாலும் வார்டன் தீர்ப்பு எழுதினார். “உப்பை அள்ளிப் போட்டு என் தம்பியக் கொல்லப் பாக்குறா. இன்னொரு தடவை எடை ஏறட்டும், அவனை என் ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுறேன். இவ முகத்துலயே முழிக்க விடமாட்டேன்.” மகனும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். அன்று வந்த வார்டனின் பை, பிரிக்கப்படாமல் கூடத்து நாற்காலியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. எந்த நிமிஷமும் தம்பியின் துணிகளை விழுங்கக் காத்திருக்கும் பை.

அதிலிருந்து அவள் உப்பு டப்பாவைக் கையால் தொடவில்லை. தனக்கும் சேர்த்தே சப்பென்று சமைத்துத் தின்றாள். தண்ணீரை அளந்து கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஹெல்த் கோச் அவர்களுக்கென்று நியமிக்கப்பட்டார். தினம் போனில் பேசுவார், அவ்வப்போது நேரிலும் வருவார். பலவீனமானவரை நாற்காலியிலிருந்து எப்படி எழுப்புவது, தலையணையை எப்படி அடுக்குவது, கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பள்ளம் நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். காலையில் வெறும் வயிற்றோடு எடை. திடீரென்று ஏறினால் அது சதையில்லை, தண்ணீர். உடனே கூப்பிட வேண்டும்.

“எடைக்காரம்மா” என்று அந்தக் கோச்சுக்குப் பெயர் வைத்தவர் கணவர். “நம்ம தொழில்காரி” என்று அதில் அவருக்கு ஒரு பெருமை. லாரிகளை நிறுத்துப் பார்க்கும் எடை மேடையில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவர் அவர். அவருடைய கண்ணாடிக் கூண்டைத் தாண்டி ஒரு மூட்டை கள்ளக் கணக்கில் போனதில்லை.

அவர் லேசாவது அவளை எப்படிப் பயமுறுத்தியது என்று யாரிடம் சொல்ல? மத்தியானங்கள் இன்னும் மோசம். வீடு அடங்கிக் கிடக்கும். மகன் வேலைக்குப் போயிருப்பான். அடுக்களையில் அவள் பாத்திரம் கவிழ்க்கும்போது, சாத்தியிருக்கும் அவருடைய அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வரும்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

யாரோ உதட்டில் விரல் வைத்து, பேசாதே என்று அடக்குவதுபோல நீளமாக ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இருக்காது.

அன்றும் கேட்டது. அவள் ஈரக் கையோடு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். கணவர் தலையணைகளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். ஜன்னலோரம் வார்டன் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். அறையில் லேசாக எலுமிச்சை வாசனை. வீட்டில் எலுமிச்சையே இல்லை.

“யாரு... யாரு இங்க ஸ்ஸுன்னது?”

“யாருமில்லையே.” கண்ணைத் திறக்காமலே சிரித்தார். “நான் லேசாயிட்டே வரேன். கவனிச்சியா? இன்னும் கொஞ்ச நாள்ல என்னைத் தூக்க ஆளே வேண்டாம்.”

மரணம் இவரை ஒரேயடியாகத் தூக்காமல் சில்லறை சில்லறையாக எடுத்துக்கொண்டு போகிறது, பீரோவைத் திறந்துவிட்டுப் போகிறது, மத்தியானம் வந்து என்னை வாயை மூடச் சொல்கிறது... அப்படித்தான் அவள் நினைத்தாள். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து கோச்சைக் கூப்பிட்டாள்.

“நம்பர் குறையுது. ஆனா கால்ல அமுக்குனா பள்ளம் மூடவே மாட்டேங்குது. தலையணை இன்னொண்ணு கேக்குறாரு. எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சா? சொல்லுங்கம்மா...”

“உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. நம்பர் ஒண்ணு சொல்லி, உடம்பு வேற சொன்னா, உடம்பைத்தான் நம்பணும். காலையில முதல் வேலையா நானே வரேன். அதுக்குள்ள மூச்சு வாங்குனா எனக்காகக் காத்திருக்காதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடுங்க.”

அன்று வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பி, இதைக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்த மகன் சலித்துக்கொண்டான். “ஏம்மா ஊரைக் கூட்டுறே? மெஷின் பொய் சொல்லாதும்மா. நீதான் எதையாவது கற்பனை பண்ணிக்கிட்டு அப்பாவையும் பயமுறுத்துறே.”

பெற்ற பிள்ளையே... அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் காலை, அவரைக் கைத்தாங்கலாக மெஷின் அருகே கொண்டுபோனாள். பீரோ கைப்பிடியை நன்றாகத் திருகி, இழுத்தும் பார்த்தாள். அவர் ஏறி நின்றார்.

“குனிஞ்சு நம்பரைப் பாரு,” என்றார்.

குனியப் போனவள் பாதியிலேயே நின்றுவிட்டாள். தினமும் இவர் இதைத்தானே சொல்கிறார்? கூண்டு நாட்களில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. சில டிரைவர்கள் ஒரு பின்சக்கரத்தை மட்டும் மேடைக்கு வெளியே, மண்ணில் ஊன்றி நிறுத்துவார்களாம். அப்புறம் ஓடிவந்து, நம்பரைப் பாருங்க சார், நம்பரைப் பாருங்க சார் என்று அவசரப்படுத்துவார்களாம். “எவன் நம்பரைப் பாருன்னு சொல்றானோ, அவன் வண்டியில நான் சக்கரத்தைத்தான் பாப்பேன்” என்று சொல்லிவிட்டு அப்படிச் சிரிப்பார்.

அவள் குனியவில்லை. சக்கரத்தைப் பார்த்தாள்.

அவருடைய வலது கை பீரோவின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்து, பாரத்தையெல்லாம் போட்டுக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தது. எலும்புக் கணுக்கள் வெளுத்திருந்தன. தோள் நடுங்கியது. கைப்பிடி இறங்க, பூட்டு விட்டு, கதவு கிரீச்சென்றது. ஒரு டம்ளரைத் தூக்கினாலே களைத்துப்போகும் மனிதர், தினம் காலையில் தன்னையே தூக்கிப் பிடித்திருக்கிறார்.

“கையை எடுங்க,” என்றாள் மெல்ல.

அவர் அவளைப் பார்த்தார். திருடிப் பிடிபட்ட முகம். அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

“எடுங்க... நான் இருக்கேன்ல.”

கை விலகியது. எண்கள் ஏறின. ஏறிக்கொண்டே போய் நின்றன. அதற்குள் கோச் வந்து அறை வாசலில் நின்றிருந்தார். பின்னால் மகனும் வார்டனும்.

எண்ணைப் பார்த்ததும் வார்டன் பாய்ந்தார். “பாத்தியா... பாத்தியாடா? இத்தனை நாளா மறைச்சிருக்கா! நான் அன்னிக்கே சொன்னேன். கட்டு துணிய...”

“அக்கா, நிறுத்து.”

கட்டிலில் உட்கார வைக்கப்பட்டிருந்த அவர்தான் பேசினார். மூச்சு இரைத்தது. “மறைச்சது அவ இல்ல. நான்... எடை ஏறுனா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவேன்னு நீ சொன்னே. நான் அவளை விட்டுட்டு எங்க போவேன்? பயத்துல, ஏறுனதுக்கு மேலயே அமுக்கிட்டேன். இங்கயே, இவ கைய புடிச்சுக்கிட்டே போய்ச் சேந்துடலாம்னு...” தன் வலது கையைப் பார்த்தார். “எத்தனை பேரு கள்ள எடையப் புடிச்சேன்... கடைசில நானே...”

அவள் அவர் வாயைப் பொத்தினாள். பொத்திய கை நனைந்தது. அவளும் அழுதாள். இத்தனை மாதமும் அடுப்படியில் அழுத அழுகை இல்லை அது.

கோச் காலை அழுத்திப் பார்த்து, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, “இப்பவே ஆஸ்பத்திரி. இன்னும் கை மீறல,” என்று மகனைப் போன் செய்யச் சொன்னார். பிறகு திரும்பினார். “ஆனா தண்ணி இவ்வளவு கோத்திருக்குன்னா எங்கிருந்தோ உப்பு போகுது. அம்மா சமையல் எனக்குத் தெரியும். வேற என்ன குடுக்குறீங்க?”

அவளுக்குத்தான் சட்டென்று உறைத்தது. “மத்தியானம் ஒரு சத்தம் வரும்... ஸ்ஸுன்னு. எலுமிச்சை வாசனை அடிக்கும்.”

வார்டனின் முகம் வெளிறிப்போனது. போய், கூடத்து நாற்காலியிலிருந்த பையைத் திறந்து, ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் போட்டுக் குடிக்கும் பவுடர். போட்டதும் எலுமிச்சை மணத்தோடு ஸ்ஸென்று பொங்கும்.

“நெஞ்சை அடைக்குதுக்கான்னான்... கேஸுன்னு நெனச்சேன். சின்ன வயசுலருந்தே அவனுக்கு இது கேக்கும். இவகிட்ட சொன்னா தண்ணிக்குக் கணக்கு கேப்பான்னு... தம்பிகிட்டயும் சொல்லாதடான்னு சொல்லி...”

கோச் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். “இதுவும் உப்புதான்மா. நாக்குக்குக் கரிக்காது, உடம்பு மட்டும் தண்ணிய இழுத்து வச்சுக்கும். தெரிஞ்சு பண்ணல நீங்க. ஆனா இனிமே ஒரு துளி கூடாது.”

வார்டன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். “உன்னைக் கொலைகாரின்னேன். நாலு பேர் முன்னாடி சொன்னேன்... என் கையாலயே நான்...” மகன் போனைக் காதில் வைத்தபடி, அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கேட்டிருக்கலாம். பதிலுக்கு எத்தனையோ கேட்டிருக்கலாம். வராந்தாவில் குனிந்த தலைக்கு, சப்பென்று தின்ற சோற்றுக்கு. நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. அவள் அதை விழுங்கினாள்.

“எந்திரிங்க அண்ணி. வண்டி வந்துடும். அவருக்கு அந்தப் பக்கம் புடிக்க ஆள் வேணும்.”

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஸ்ட்ரெச்சர் குறுகிய நடைக்குள் திரும்பவில்லை. வாசல் வரை அவரைத் தாங்கித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் அவள். அறையைத் தாண்டும்போது பின்னால், பூட்டு விட்டுக் கிடந்த பீரோ கிரீச்சென்று, யாரும் தொடாமலே, அகலத் திறந்துகொண்டது. காக்கிச் சட்டைகள் ஆடின. அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் திரும்பவில்லை.

கணவர் இன்னமும் அவள்மேல் பாரம் போடாமல், சுவரில் ஒரு கையை ஊன்றி ஊன்றி வந்தார்.

“கனக்கும்மா உனக்கு,” என்றார்.

அவள் அந்தக் கையைச் சுவரிலிருந்து எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். முழுக் கனமும் அவள் தோளில் இறங்கியது. எத்தனை நாளாயிற்று அந்தக் கனத்தை உணர்ந்து! கால்களை அகட்டி ஊன்றினாள். சமாளித்து நின்றாள்.

“கனமாத்தான் இருக்கணும். நல்லாச் சாஞ்சுக்குங்க,” என்றாள். “ஒரு சக்கரம்கூட வெளியே வேண்டாம்.”