ஆறுதல் ஒலி

ஜெசிந்தாவின் வலது காதில் தம்பி இஞ்ஞாசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவள் சென்னை ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்சுற்று வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவனோ தூத்துக்குடிக்குக் கிழக்கே, கடலுக்குள் நட்ட காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அம்மா போன பிறகு அக்காவுக்கும் தம்பிக்கும் இப்படிப் பேசாமலே லைனில் கிடப்பது பழக்கமாகிவிட்டது.

பகல் பதினொன்றே காலுக்கு அவன் வாய் திறந்தான்.

"யக்கா, ஒரே களைப்பா வருது. கொஞ்ச நேரம் சாஞ்சிக்கிடுதேன்."

"வெயில்ல ஏறாதன்னா கேக்கியா? தண்ணி குடிச்சியாலே?"

"குடிச்சேன், குடிச்சேன். வெச்சிராத, சும்மா லைன்ல இரு."

"இருக்கேன். நீ தூங்கு."

மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நிதானப்பட்டது. நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினான். விடிந்ததிலிருந்து வேலை செய்கிற பிள்ளை, தூங்கட்டும் என்று அவள் தன் வேலைக்குத் திரும்பினாள்.

அப்போது கையில் போன் வைத்திருக்கும் வழக்கமே ஒழிந்துவிட்டிருந்தது. காதுக்குள் மிளகளவில் ஒரு செவிமணி, அவ்வளவுதான். முன்பெல்லாம் ஊருக்குள் ஒரு அலைவரிசை, கடலில் ஒன்று, செயற்கைக்கோளுக்கு ஒன்று என்று இருந்தது. குரலுக்குப் பலம் கொடுத்து அலைபரப்புக் கோபுரம்வரை தள்ளிவிட ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெருக்கி வேண்டும். கருவி கையளவு இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அத்தனை பெருக்கிகளின் வேலையையும் கசகசா அளவுள்ள ஒரே துண்டுக்குள் அடக்கியவள் ஜெசிந்தாதான். பல்லலைப் பெருக்கி என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

அடக்கியாயிற்று, ஆனால் சூடு அடங்கவில்லை. பத்து டிகிரி கூடினாலே காதுத்தோல் வெந்துவிடும். இரண்டு வருடம் தலைகீழாக நின்று பார்த்தாள். கடைசியில் ஒன்று தோன்றியது: மனிதர்கள் பேசும் நேரத்தைவிடச் சும்மா இருக்கும் நேரம்தானே அதிகம்? பேச்சில்லாதபோது பெருக்கியைத் தூங்க வைத்தாள். சூடு போயே போய்விட்டது.

அப்புறம்தான் வேறொரு வம்பு வந்தது. பெருக்கி தூங்கியதும் எதிர்முனையில் காது செத்துப்போனதுபோல் ஆகிவிடும். உடனே ஆள் பதறி, "ஹலோ, ஹலோ, இருக்கியா?" என்று கத்த ஆரம்பித்துவிடுவார். ஆகவே தூங்கப் போகும் முன் பெருக்கி ஒரே ஒரு குறியை அனுப்பும்படி செய்தாள்: இவர் சும்மா இருக்கிறார். குறி கிடைத்ததும் எதிர்முனைச் செவிமணி அந்த ஆளின் மூச்சை, கனைப்பை, பின்னால் வீசும் காற்றைத் தானே தயாரித்துக் காதில் ஊட்டும். எல்லாம் அவரிடமிருந்தே கற்றுக்கொண்டது. பழைய கருவிகளிலும் இந்த இடைவெளியை ஏதோ ஒரு இரைச்சலால் நிரப்பி, ஆறுதல் ஒலி என்று சொல்லிக்கொண்டார்கள். ஜெசிந்தா அந்த இரைச்சலை மனிதராக்கினாள். கணவன் மனைவி, தாய் பிள்ளை என்று ஆயிரத்திருநூறு ஜோடிகளை வைத்துச் சோதித்ததில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அன்று ஆய்வுக்கூடம் முழுக்க லட்டு கொடுத்தாள்.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. காற்றாலை மேற்பார்வையாளர்.

"இஞ்ஞாசியோட அக்காவா?"

"ஆமா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, அவன் தூங்குறான்."

"சாப்பாட்டுப் படகுல போனவங்கதான் பாத்தாங்கம்மா. தம்பி... இறந்துட்டாரும்மா."

"என்ன பேசுறீங்க நீங்க? லைன்லதான் இருக்கான். மூச்சு நல்லா கேக்குது."

சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. செவிமணியைப் பிடுங்கி மேசையில் போட்டாள். அதற்குள் அவன் இன்னும் சன்னமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

சாய்ந்து ஐந்தாறு நிமிடத்தில் இதயம் நின்றிருக்கிறது என்றார் மருத்துவர். மருத்துவப் படகு அன்று இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் நின்றிருந்தது. யாராவது ஒரு குரல் கொடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்தவள் தம்பியின் செவிமணியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று வாரம். எங்கேயாவது ஒரு கோளாறு, ஒரு பற்றவைப்பு விட்டிருந்தால்கூடப் போதும், மாதாவே, ஒன்றைக் காட்டு என்று வேண்டினாள். கடலிலிருந்து அலைபரப்புக் கோபுரம் தூரம் என்பதால் பெருக்கி முழுப் பலத்தோடு வேலை செய்து சூடேறி, கிடைத்த முதல் அமைதியிலேயே தூங்கப் போயிருந்தது. அது சரி. தூங்கும் முன் குறியை அனுப்பியிருந்தது. அதுவும் சரி. மூச்சு பேச்சல்ல என்று விதி எழுதியவள் அவளேதான். தூங்குகிறவனுக்கும் போய்விட்டவனுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தக் கருவியிடம் யாரும் கேட்டுவைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி வைரவன் நல்ல மனிதர். கேட்கவே சங்கடப்பட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, பதிவுக்காகக் கேக்குறேன். அந்த நாப்பத்தோரு நிமிஷத்துல ஒரு தடவையாவது சந்தேகம் வந்துச்சா?"

"இல்ல சார்."

"கூடப் பொறந்த தம்பி. தூக்கி வளத்திருக்கீங்க. ஒரு வித்தியாசமும் தெரியலையா?"

"தெரியக் கூடாதுன்னுதான் சார் அதைச் செஞ்சேன்."

வைரவன் அதை எழுதிக்கொண்டார். பிறகு அறிக்கையை அவள் பக்கம் திருப்பினார். கருவி வடிவமைத்தபடியே இயங்கியது, கோளாறு எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. அதற்குக் கீழே சான்றளிக்கும் தகுதி நாட்டில் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது.

ஜெசிந்தா இரண்டு முறை படித்துப் பார்த்தாள். ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டாள்.