மாசிலாமணி வரும் காட்சி

வெள்ளிக்கிழமை சாயங்காலக் காட்சி முடிந்து கூட்டம் வெளியே வந்தது. தியேட்டர் வாசலில் திருமுருகன் மைக்கோடு தயாராக நின்றார்.

திண்டிவனத்துக்கு எந்தப் புதுப்படம் வந்தாலும் அவர் அங்கே நிற்பார். படம் பார்த்து வருகிறவர்களை மடக்கி, "படம் எப்படி இருக்கு?" என்று கேட்டு, பதிலைத் தன் யூடியூப் சேனலில் போடுவார். அந்தச் சேனலை அவர் வீட்டு ஆட்களும் இரண்டு நண்பர்களும் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

பெரியவர்கள் மைக்கைக் கண்டால் "சூப்பர்" என்பார்கள், இல்லாவிட்டால் "மொக்கை" என்பார்கள். அதற்குமேல் பேச்சு வராது. சங்கவி அப்படியில்லை. படிப்பது ஆறாம் வகுப்புதான், ஆனால் வாய் இருக்கிறதே, அது கல்லூரி முடித்துவிட்டது! அம்மா கையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல் மைக் முன்னால் போய் நின்றாள்.

"படம் எப்படி இருக்கு பாப்பா?"

"'மேட்டுத்தெரு மாப்பிள்ளை' நல்ல படம்தாண்ணா. ஆனா ரொம்ப நீளம். நடுவுல நான் ரெண்டு தூக்கம் போட்டு எழுந்தேன்."

கூட்டம் சிரித்தது. சிரிப்பைக் கேட்டதும் சங்கவிக்குக் குஷி ஏறிவிட்டது.

"அப்புறம் ஒருத்தர் வர்றாரு பாருங்க. மாப்பிள்ளை வண்டி வந்துடுச்சுன்னு ஓடியாந்து சொல்லணும். அவ்ளோதான் அவருக்கு வேலை. எப்படிச் சொன்னாரு தெரியுமா?"

கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டாள். கண்களைக் கோலிக்குண்டு போல உருட்டிக் கேமராவை முறைத்தாள்.

"வண்டி... வந்து... டுச்சுங்க!"

அடேயப்பா, என்ன சிரிப்பு! பாப்கார்ன் விற்பவர்கூடக் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அம்மா மட்டும், "போதும் வாடி" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வீடியோ ஊரையே சுற்றிவிட்டது. டீக்கடையில் அதைச் சொன்னார்கள். விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர் சொன்னார். திங்கட்கிழமை வகுப்பில் டீச்சரே, "எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டு பாக்கலாம்" என்றார். சங்கவி மேசைக்குப் பக்கத்தில் நின்று செய்து காட்டினாள். வகுப்பே மேசையைத் தட்டியது.

தேவா மட்டும் தட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா, உடம்பு சரியில்லையா?" என்று சங்கவி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

தேவா டப்பாவைத் தள்ளிவைத்தான். பிறகு, "அது எங்கப்பா" என்றான்.

"எது?"

"நீ செஞ்சியே. அது எங்கப்பா."

சங்கவி கையிலெடுத்த சோற்றைத் தன் டப்பாவிலேயே போட்டாள். 

நடந்ததைத் தேவா சொன்னான். அவன் அப்பா மாசிலாமணி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்பனைக்கு வரும் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். திருவக்கரை பக்கம் படப்பிடிப்பு நடந்தபோது, கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று கமிட்டியிலிருந்து சிலரை அழைத்துப் போனார்கள். டைரக்டர் அவரைக் கைகாட்டி, "நீங்க ஒரு வரி பேசுங்க" என்று சொல்லிவிட்டார்.

"திருவெண்ணெய்நல்லூர்லேருந்து அத்தை எல்லாரையும் கூட்டிக்கினு வர்றதா இருந்துச்சு. சேந்து பாக்கலாம்னு நாங்க இன்னும் படமே பாக்கல. இப்ப மல்லாட்டை லாரி வரும்போதெல்லாம் கமிட்டியில எல்லாரும் அப்பாவப் பாத்து அதையே கத்துறாங்களாம். அப்பா வேலைக்கே போகல. அத்தைக்கும் போன் பண்ணி, படம் நல்லால்ல, யாரும் வராதீங்கன்னுட்டாரு."

அன்று பள்ளி விட்டதும் சங்கவி நேராகத் திருமுருகனின் செல்போன் கடைக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. நல்ல மனிதர், உடனே வீடியோவை அழித்தார்.

"அழிச்சிட்டேன் பாப்பா. ஆனா பேஜாரு இன்னான்னா, இதைப் பாரு."

செல்போனை அவள் பக்கம் திருப்பினார். யார் யாரோ அதே வீடியோவைத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒருவர் அதற்குப் பாட்டுச் சேர்த்திருந்தார். இன்னொருவர் சங்கவிக்கு மீசை வரைந்திருந்தார். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"இதையெல்லாம் யாருண்ணா அழிப்பாங்க?"

"யாராலயும் முடியாதும்மா" என்றார் திருமுருகன்.

சங்கவி கடையிலேயே அழுதுவிட்டாள். மறுநாள் அழுகையை அடக்கிக்கொண்டு தேவாவோடு அவன் வீட்டுக்குப் போனாள்.

மாசிலாமணி வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், அகலமான தோள். அவளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"வா பாப்பா. உன்ன ஊருக்கே தெரியுமே."

"மன்னிச்சுக்கோங்க மாமா. நீங்க நல்லாதான் நடிச்சீங்க."

"பொய் சொல்லாத. நல்லா நடிச்சிருந்தா நீ ஏன் அப்படிச் செஞ்சு காட்டப்போற?"

சங்கவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதை விடு. நெசமா எப்படி இருந்தேன், சொல்லு. நான் இன்னும் என்னைப் பாக்கல பாப்பா. உன்னத்தான் பாத்தேன்."

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது சங்கவிக்கு. தன்னையே பார்க்க வேண்டிய இடத்தில் அந்த மனிதர் அவளுடைய கேலியைத்தானே பார்த்திருக்கிறார்! 

"கொஞ்சம் வெறப்பாதான் நின்னீங்க மாமா" என்றாள் மெதுவாக. "கேமராவையே பாத்தீங்க."

"பாக்காம? கேமராவப் பாக்காத, பாக்காதன்னு டைரக்டர் சொல்லிக்கினே இருந்தாரு. அப்படிச் சொன்னா கண்ணு வேற எங்க போவும்?"

தேவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாசிலாமணியும் லேசாகச் சிரித்தார்.

"படத்துக்குப் போங்க மாமா" என்றாள் சங்கவி.

"போனா தியேட்டரே திரும்பிப் பாத்து சிரிக்கும். வேணாம்."

சங்கவி யோசித்தாள். "வெள்ளிக்கிழமை புதுப்படம் மாத்திடுவாங்க. கடைசி நாள் வியாழக்கிழமை ஆளே வராது. அன்னிக்கு உங்க சொந்தக்காரங்க எல்லாரையும் வரச்சொல்லுங்க. தியேட்டர் முழுக்க உங்க ஆளுங்க இருந்தா யாரு சிரிக்கப்போறாங்க?"

மாசிலாமணி கையிலிருந்த மல்லாட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவா உள்ளே ஓடிப் போய்ச் செல்போனை எடுத்து வந்து அப்பா கையில் வைத்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் சொந்தபந்தம் திமுதிமுவென்று பஸ்ஸிலிருந்து இறங்கியது. முன்னால் வந்தவர் தேவாவின் அத்தை கெங்கம்மாள். கையில் ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டை.

"ஏண்டா, படம் நல்லால்லன்னு எவன்டா சொன்னான்? என் தம்பி நடிச்ச படம்டா!"

மாசிலாமணி தேய்த்த சட்டை போட்டிருந்தார். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். சங்கவியும் அவள் அம்மாவும் தேவாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் சொன்னபடியே தியேட்டரில் வேறு ஆட்கள் அதிகம் இல்லை.

கல்யாண வீடு வந்தது. சங்கவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதோ, பந்தல். அடுத்து வண்டி வரும். அடுத்து மாசிலாமணி மாமா.

வண்டி வரவில்லை. பந்தலுக்கு அடுத்து, மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்திருந்தார்.

சங்கவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள்.

"எங்கடா நீ?" என்றார் கெங்கம்மாள்.

"வரும்க்கா. அப்புறமா வரும்."

வரவே இல்லை. படம் முடிந்து விளக்குகள் எரிந்த பிறகும் மாசிலாமணி வெள்ளைத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெளியே திருமுருகன் நின்றிருந்தார். சங்கவி அவரிடம் ஓடினாள்.

"அண்ணா, மாமா வர்ற சீனையே காணோம்!"

திருமுருகன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ! படம் நீளம்னு எல்லாரும் விமர்சனம் பண்ணாங்க இல்ல? நேத்துலேருந்து இருபது நிமிஷத்த வெட்டிட்டாங்க. சினிமா நியூஸ்ல வந்துச்சு. எந்த சீனு போச்சுன்னு போடல."

"அப்புறம் போன்ல படம் வரும்போது முழுசா வருமா?"

"வெட்டுனதுதான் வருமாம் பாப்பா."

"நானும் நீளம்னு சொன்னேன்" என்றாள் சங்கவி.

"நீ ஒருத்தி சொன்னதுக்கா வெட்டுவாங்க? ஊரே சொல்லிச்சு."

அது சரிதான். ஆனால் சங்கவிக்கு ஆறுதலாக இல்லை. அந்த ஊரில் அவளும் ஒருத்திதானே?

கெங்கம்மாள் தம்பியைச் சும்மா விடவில்லை. "பஸ்ஸு புடிச்சு இம்மாந்தூரம் வந்தோம். நீ நெசமாவே நடிச்சியா, இல்ல கனா கண்டியா? யாராச்சும் இவனைப் பாத்தீங்களா?"

 மாசிலாமணி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் பாத்தேன் அத்த" என்றாள் சங்கவி.

எல்லோரும் திரும்பினார்கள். இரண்டு பேருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. அவர்கள் முகம் கடுத்தது. 

மாசிலாமணி அவளைப் பார்த்தார். "அப்ப நீயே காட்டு பாப்பா. இவங்க வேற எப்படிப் பாப்பாங்க?"

 மைக் முன்னால்கூடச் சங்கவி இப்படிப் பயந்ததில்லை. கண்ணை மூடி அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தாள். சிரிப்பு வாங்குவதற்காக அன்று எத்தனையை விட்டுவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"முதல்ல ஒரு புளியமரம் வரும். அதுக்கு அந்தாண்டலேருந்து மாமா ஓடிவருவாரு."

வாசலின் ஓரத்திலிருந்து ஓடி வந்தாள். ஓடும்போதே, இல்லாத துண்டு நழுவுவதுபோல அதைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நின்றாள். மூச்சு வாங்கியது. கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன, கண்கள் நேராகப் பார்த்தன. குரல் நடுங்க அந்த ஒரு வரியைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், அப்பாடா, சொல்லிட்டோம் என்பதுபோல உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாள்.

"இதான்!" என்று கெங்கம்மாள் கத்தினார். "ஏய், இதாண்டி அவன் சிரிப்பு! சின்ன வயசுல அடி வாங்கிட்டு வந்து இப்படித்தான் சிரிப்பான்!"

சொந்தங்கள் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். தேவா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

மாசிலாமணி கைதட்டவில்லை.

"நான் கடைசியில சிரிச்சேனா?"

"சிரிச்சீங்க மாமா. அன்னிக்கு நான் அதைச் செய்யாம விட்டுட்டேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணு கலங்கிப்போச்சு பாப்பா, சரியா பாக்கல. இன்னொரு வாட்டி செய்."