மாற்றியவர் பெயர்: காலி

பெங்களூர் பிரேசர் டவுனில் அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தது பட்டப்பகலில். கருங்கல் சுவர், உயரமான ஜன்னல்கள், பினாயில் வாடை. பயப்பட அங்கே ஏதுமில்லை, நான் எழுதிய ப்ரோகிராமைத் தவிர.

வேலை எளிது. ஆஸ்பத்திரியின் வெப் அப்ளிகேஷனில் ஒரு நோயாளியைப் பற்றி யார் எதை மாற்றினாலும் லாக் என்ற பதிவேட்டில் ஒரு வரி விழ வேண்டும். முன்பு என்ன, இப்போது என்ன, மாற்றியவர் யார். விழுந்த வரியை நானே நினைத்தாலும் அழிக்க முடியாது. அதில் எனக்குக் கொஞ்சம் தற்பெருமை.

சோதித்துப் பார்க்க ஒரு பொய் நோயாளி வேண்டும். அதற்கு டேட்டாபேஸைத் தனியாக ஒரு நகல் எடுத்துக்கொள்வதுதான் முறை. என்னைப் போன்ற சோம்பேறிகள் நிஜ டேட்டாபேஸிலேயே வீட்டு ஆள் பெயரைப் போட்டுவிடுவோம். என் மனைவி ருக்குவின் பெயர், வயது, விலாசம் எல்லாம் அடித்தேன். வீட்டில் அவள் முடிவு எதையும் நான் மாற்றியதில்லை. இங்கேயாவது மாற்றிப் பார்க்கலாமே.

நிஜ நோயாளிகளோடு குழம்பிவிடாமல் இருக்க, பின்பக்கம் பூட்டிக் கிடந்த வார்டில் அவளுக்குப் படுக்கை கொடுத்தேன்.

கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஃபிராங்க்ளின் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அந்த வார்டு வேணாம் சார், பேடா."

"ஏன், மூட்டைப்பூச்சியா?"

"அங்க பேஷன்ட் போட்டா, பாத்துக்க ஆள் வந்துடும்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ருக்குவின் வயதைக் குறைத்தேன். லாகில் வரி விழுந்தது. மாற்றியவர்: பத்ரிநாத். நான்தான்.

அடுத்த வரி என்னுடையது அல்ல.

உடல் வெப்பம். முன்பு: காலி. இப்போது: 101. மாற்றியவர்: காலி.

பெயரில்லாத ஆள் உள்ளே வர வழியே கிடையாது. என் பிழையாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். என் பிழைகளை நம்பி நான் ஏமாந்ததே இல்லை.

பின்பக்க வார்டின் பூட்டிய கதவுக்கு அப்பால், ஈரத் தரையில் ரப்பர் செருப்பு கீச்சிட்டுப் போகும் சத்தம்.

இப்போது: 102.

போன் அடித்தது. ருக்கு.

"ஏன்னா, உடம்பு அனலாக் கொதிக்கறது. காத்தால நன்னாத்தானே இருந்தேன்."

"ஆத்துல யார் இருக்கா?"

"யாருமில்ல." அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "ஆனா யாரோ என் மணிக்கட்டைப் பிடிச்சுண்டிருக்கா. விரல் ஜில்லுனு இருக்கு."

பதிவை நீக்கினேன்.

நிலை. முன்பு: நீக்கப்பட்டது. இப்போது: சிகிச்சையில்.

டிஸ்சார்ஜ் போட்டேன்.

முன்பு: டிஸ்சார்ஜ். இப்போது: சிகிச்சையில்.

ஃபிராங்க்ளின் சிலுவை போட்டுக்கொண்டு சர்வரின் பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது.

"ருக்கு, இப்போ?"

"இன்னும் கையை விடலை."

ஜோகுபாளையத்தில் இருந்த வீட்டுக்கு ஆட்டோவில் பறந்தேன். பெங்களூரில் பறப்பது என்றால் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று அழுவது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, அதுவும் எனக்குப் பின்னால் எங்கோ நின்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

ருக்கு கண்மூடிக் கிடந்தாள். உதடு வறண்டிருந்தது. அவள் இடது கை மட்டும் மெத்தையிலிருந்து ஒரு முழம் உயர்ந்து அந்தரத்தில் நின்றது.

கீழே இழுத்தேன். இறங்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்தேன். பிளக் பிடுங்கிய சர்வரின் லாக், நிதானமாக வரி வரியாக வந்துகொண்டிருந்தது. 103.

எனக்குத் தெரிந்ததில் ஒன்றுதான் மிச்சம். நோயாளியின் பெயரில் ருக்குவை எடுத்துவிட்டு பத்ரிநாத் என்று அடித்தேன். என் வாழ்க்கையின் ஒரே வீரச்செயல், அதுவும் உட்கார்ந்தபடி, ஒற்றை விரலால்.

காத்திருந்தேன்.

பெயர். முன்பு: பத்ரிநாத். இப்போது: ருக்கு.

"என்னை எடுத்துக்கோ," என்றேன் திரையைப் பார்த்து. "அவளை விட்டுடு."

இன்னொரு வரி விழுந்தது.

நோயாளியுடன் இருப்பவர். முன்பு: காலி. இப்போது: பத்ரிநாத்.

அப்படி ஒரு கட்டமே என் அப்ளிகேஷனில் கிடையாது.

முதுகுக்குப் பின்னால் இரும்பு தரையில் உராய்ந்தது.

திரும்பினேன். கட்டிலருகே, வெள்ளைப் பெயின்ட் உரிந்த ஒரு ஆஸ்பத்திரி இரும்பு ஸ்டூல். எங்கள் வீட்டில் ஸ்டூலே இல்லை.

ருக்குவின் கை இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது.

வேறென்ன செய்ய? உட்கார்ந்தேன்.

ஜில்லென்ற ஒரு கை என் தோளை ஆறுதலாகத் தட்டிக்கொடுத்தது.