அறந்தாங்கியில் ஏன் சிரித்தார்கள்?

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அமுதவல்லியின் விசாரணை அலுவலகம் இருந்தது. அங்கே படியேறி வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாரா, ஏற்கெனவே எங்காவது கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதில் அமுதவல்லிக்கு நல்ல பெயர். நாற்பது வயதைத் தாண்டியவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவருடைய உதவியாளன் அரவிந்த்குமாருக்குத்தான் மனக்குறை. துப்பறியும் வேலை என்று நம்பிச் சேர்ந்து, இதுவரை ஒரு கொலையைக்கூடப் பார்க்காமல் மாப்பிள்ளைகளின் சம்பளச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வியாழக்கிழமை காலை தோளில் லேப்டாப் பையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை விசாரணை மட்டுந்தான் செய்வீங்களா மேடம்?"

"உட்காரும்மா. என்ன விசாரிக்கணும்?"

அவள் பெயர் சுடர்விழி. சொந்த ஊர் அறந்தாங்கி. புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம் படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே விடுதிதான் வீடு. அப்பா ராக்கன் குவைத்தில் டிரைவர். அம்மா செங்கமலம் ஊரில் தனியாக இருக்கிறார். படிப்பு முடிகிற நேரத்தில் செய்ய வேண்டிய வேலையாக, வகுப்புத் தோழன் கார்முகிலோடு சேர்ந்து அவள் ஒரு பாட்டு வீடியோ எடுத்திருந்தாள். வரிகளும் இயக்கமும் அவள். கேமராவும் எடிட்டிங்கும் கார்முகில்.

"அப்பா என்னை விட்டுட்டு வெளிநாடு போன நாள்தான் மேடம் கதை. எனக்கு அப்ப நாலு வயசு இருக்கும். மனசுல இருந்ததை ஒண்ணு விடாம அப்படியே எடுத்தேன். ரெண்டு எடத்துல ஜனங்களுக்குப் போட்டுக் காட்டி, அவங்க எப்படிப் பாக்குறாங்கன்னு ரெக்கார்டு பண்ணி, அதுக்கேத்த மாதிரி திருத்தித்தான் குடுக்கணும்னு எங்க சார் சொல்லிட்டாரு. முதல்ல காலேஜ் ஹால்ல போட்டோம். பாதிப் பேரு அழுதுட்டாங்க."

"ரெண்டாவது எடத்துல?"

"எங்க ஊர் கல்யாண மண்டபத்துல போட்டோம். எல்லாரும் சிரிச்சாங்க மேடம்." அவளுடைய முகம் சிவந்துவிட்டது. "அழ வேண்டிய எடத்துல கை தட்டி, விசில் அடிச்சு... எங்கம்மாகூடச் சிரிச்சாங்க. அன்னைக்கிருந்து நான் அம்மாகிட்டச் சரியாப் பேசுறதில்ல."

அரவிந்த்குமார் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

"அது மட்டுமில்ல. அப்பாவுக்கு வீடியோவை அனுப்பினோம். வெள்ளிக்கிழமை லீவு, மத்தியானம் தவறாம எனக்குப் போன் பண்ணுவாரு. வீடியோ போனதிலேருந்து பண்ணல. நான் பண்ணாலும் எடுக்கல. இந்த வருசத்தோட வேலையை விட்டுட்டு ஒரேயடியா வந்துடுறேன்னு சொல்லியிருந்தவரு, இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வாரேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டாராம்."

கார்முகில்தான் ஏதோ செய்துவிட்டான் என்பது அவளுடைய சந்தேகம். வீடியோவின் கடைசிக் காட்சி வேண்டாம் என்று அவன் சண்டை பிடித்திருக்கிறான். மண்டபத்துக்கு பென் டிரைவைக் கொண்டுபோனது அவன். அப்பாவுக்கு லிங்க் அனுப்பியதும் அவன். காட்சிகளை மாற்றிப் போட்டு எல்லாரும் சிரிக்கிற மாதிரி செய்து, அதையே அப்பாவுக்கும் அனுப்பியிருக்க வேண்டும்.

"கார்முகிலைப் பிடிச்சுக் குடுக்கணுமா ஒனக்கு?" என்று கேட்டார் அமுதவல்லி.

சுடர்விழி லேப்டாப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "எங்கப்பா ஏன் வரமாட்டேங்கிறாருன்னு தெரியணும் மேடம்" என்றாள். அவளுக்கு அப்பா என்றால் வாரத்துக்கு ஒரு முறை ஃபோனில் வருகிற குரல்தான். அந்தக் குரலும் இல்லாமல் போன ஏக்கம் அவளைப் பார்த்தவுடனே தெரிந்தது.

மூவரும் வீடியோவைப் பார்த்தார்கள். ஓட்டு வீட்டு வாசல். கேட்டுக்கு அருகே ஓர் ஆள் நிற்கிறார். காலடியில் நீல நைலான் கயிறு சுற்றிய பெரிய அட்டைப்பெட்டி. கையில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் புலிப்படம் போட்ட தடித்த கம்பளி. பின்னால் வாடகைக் கார். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறுமியின் கண் வழியாக இத்தனையும் தெரிகிறது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிறுமியின் கையைப் பிடித்து வெளியே இழுக்கிறார். சிறுமி வீறிட்டு அலறுகிறாள். அந்த ஆள் குனிகிறார், நிமிர்கிறார், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். கடைசியில் அவருடைய முதுகு மட்டும் திரையில் நிற்க, பாட்டு கேட்கிறது: 'திரும்பிப் பார்க்காத முதுகே, உனக்கொரு முகம் இருந்ததா?'

அரவிந்த்குமார் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். அமுதவல்லி கம்பளி வருகிற இடத்துக்குத் திரும்பப் போய் வீடியோவை நிறுத்தினார்.

"இது எங்க கிடைச்சுது?"

"அதே கம்பளிதான் மேடம்!" சுடர்விழியின் குரலில் பெருமை இருந்தது. "அன்னைக்கு அப்பா கையில இருந்ததேதான். எங்க வீட்டுப் பரண்ல பையோட இருந்துச்சு. அது இல்லாம அந்த நாளை எடுக்கவே முடியாதுன்னு கார்முகில்கிட்ட அடம்பிடிச்சு வச்சேன்."

"சரி. மண்டபத்துல ரெக்கார்டு பண்ணதைப் போடு. படம் வேண்டாம், சத்தம் மட்டும் போதும்."

பாட்டின் மேளச் சத்தம் தடதடவென்று வந்தது. அதற்கு மேல் ஒரே கரகரப்பு. ஆள் கேட்டுக்கு அருகே நிற்கிற இடத்தில் கைதட்டலும் விசிலும். சிறுமி ஒளிகிற இடத்தில் சிரிப்பு. நடுவில் ஒரு பெண்ணின் குரல், "ஏய், ஒளியாத! கிட்டப் போ, கிட்டப் போ!" என்றது. கடைசிக் காட்சியில் சத்தம் சட்டென்று அடங்கிப்போனது. யாரோ, "இதென்ன, அங்கிட்டுப் போறாரு?" என்று கேட்டார்கள்.

அமுதவல்லி காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். "நாளைக்கு மத்தியானம் ஒங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வா. கார்முகிலையும் வரச்சொல்லு. அரவிந்து, நீ இப்பவே கெளம்பு. கார்முகில் கிட்ட அந்த பென் டிரைவை வாங்கி, காலேஜ்ல போட்ட ஃபைலும் அதுவும் ஒண்ணுதானான்னு பாரு. அப்படியே அறந்தாங்கி பஸ் ஏறி, மண்டபத்து ஸ்பீக்கரையும் பாத்துட்டு வா."

அரவிந்த்குமார் கொலைக் கேஸே கிடைத்த மாதிரி இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. செங்கமலம் ஒரு பை நிறைய முறுக்கோடு வந்து, மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பொன்னமராவதியில் உரக்கடை வைத்திருப்பவரின் மகனான கார்முகில், குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். அரவிந்த்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பென் டிரைவ்ல இருந்ததும் காலேஜ்ல போட்டதும் அப்பாவுக்குப் போனதும் ஒரே ஃபைல்தான். ஒரு ஷாட்கூட மாறல. மண்டப ஸ்பீக்கர் கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு. மேளம் கேக்கும், நாதஸ்வரம் கேக்கும், பேச்சும் பாட்டு வரியும் ஒண்ணும் வெளங்காது. மேனேஜரே ஒத்துக்கிட்டாரு."

"நான்தான் மாத்தலைன்னு சொன்னேன்ல" என்று கார்முகில் முணுமுணுத்தான். "அந்தக் கடைசி ஷாட் ஏனோ ஒட்டலைன்னு மட்டும்தான் சொன்னேன். ஏன்னு எனக்கே சொல்லத் தெரியல."

"ஒனக்கு அப்படித் தோணுனது சரிதான்" என்றார் அமுதவல்லி. "காலேஜ்ல பாத்தவங்களுக்குப் பாட்டு வரி தெளிவாக் கேட்டுது. அப்பா போறாருன்னு வரி சொல்லுச்சு, அவங்க நம்பி அழுதாங்க. அறந்தாங்கியில பாத்தவங்களுக்கு வரியே கேக்கல. வெறும் படத்தைத்தான் பாத்தாங்க. அந்த ஊர்ல வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டுல இருக்காங்க. கயிறு கட்டுன பெட்டி, புலிக் கம்பளி, வாசல்ல கார். இதைப் பாத்தா அவங்க என்ன நெனைப்பாங்க?"

செங்கமலம் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

"அப்பா கொண்டுபோன கம்பளி பரணுக்கு எப்படி வந்துச்சு சுடர்விழி?"

அவள் திகைத்தாள். அரவிந்த்குமாருக்குப் பொறுக்கவில்லை. "அடுத்த லீவுல திருப்பிக் கொண்டாந்திருப்பாரு மேடம்!"

"குவைத்து வெயிலுக்கு இங்கிருந்து கம்பளி கொண்டுபோயி, ஜிப்பைக்கூடப் பிரிக்காமத் திருப்பிக் கொண்டாந்தாரா? கம்பளி அங்கிருந்துதான்பா வரும், யாரும் இங்கிருந்து கொண்டுபோக மாட்டாங்க. ஊருக்கே தெரிஞ்ச விஷயம், சுடர்விழிக்கும் தெரியும். ஆனா சொந்த ஞாபகத்தை யாரும் விசாரிச்சுப் பாக்குறதில்ல. இன்னொண்ணு, வெளிநாடு போறவங்க பெத்த பிள்ளை முழிச்சிருக்கையிலயா கெளம்புவாங்க? பிள்ளை அழுதா காலு நகராதுன்னு, தூங்க வச்சுட்டுத்தானே போவாங்க. நீ முழிச்சிருந்தே. கதவுக்குப் பின்னால ஒளிஞ்சே. போறவரைப் பாத்து எதுக்கும்மா பிள்ளை ஒளியணும்? போகாதேன்னு காலைக் கட்டிக்கிட்டு இல்ல அழுவும்? 'கிட்டப் போ'ன்னு மண்டபத்துல அந்தப் பொண்ணு சத்தம் போட்டது, அவங்க வீட்டுப் பிள்ளையும் அப்படி ஒளிஞ்சதாலதான்."

அமுதவல்லி நாற்காலியைச் சுடர்விழி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது ஒங்கப்பா போன நாள் இல்லம்மா. அவர் வந்த நாள்."

கீழே கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல மேடம்" என்றாள் சுடர்விழி. "அவர் முதுகைக் காட்டிக்கிட்டுப் போனதை நான் பாத்தேன்."

"பாத்தே. எங்க போனாருங்கிறதை ஒங்கம்மாதான் சொல்லணும்."

செங்கமலம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ தவழுறப்பப் போன மனுசன்டி. மொத மொத லீவுக்கு அன்னைக்குத்தான் வந்தாக. போட்டோவைக் காட்டிக் காட்டி ஒனக்குச் சொல்லி வச்சிருந்தேன். ஆளைப் பாத்ததும் ஓடி ஒளிஞ்சுட்ட. நான் கையைப் பிடிச்சு இழுத்து, அப்பா வந்திருக்காக, 'வாங்க'ன்னு கேளுன்னு சொன்னேன். தூக்க வந்தவுகளைப் பாத்து, இந்த ஆளு வேணாம், போகச்சொல்லுன்னு கத்துன. அவுக பேசாமக் கொல்லைப் பக்கம் போயிட்டாக. மூஞ்சி கழுவுறேன்னு குழாயைத் தொறந்துவிட்டுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாக. அழுதது எனக்கு மட்டுந்தான் தெரியும். அந்த லீவு முழுக்க நீ அவுக மடிக்கு வரவே இல்ல. அப்புறம் நீ தூங்கையில கெளம்பிப் போயிட்டாக."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சின்னப்புள்ள செஞ்சதைச் சொல்லி ஒன்னை நோகடிக்கக் கூடாதுன்னு அவுகதான் சொல்ல வேணாம்னாக. மண்டபத்துல படத்தைப் பாத்ததும், அடேயப்பா, எல்லாத்தையும் ஞாபகம் வச்சு எடுத்திருக்காளேன்னு எனக்குச் சந்தோசம் தாங்கல. சிரிச்சேன். பாட்டு ஒண்ணும் கேக்கல எனக்கு. ஒங்க மக நீங்க வந்த நாளைப் படமா எடுத்திருக்கான்னு போன் போட்டு நாந்தான் சொன்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் தொறந்து பாத்திருக்காக."

"பாட்டு வரியோட பாத்திருக்காரு" என்றார் அமுதவல்லி மெதுவாக. "இத்தனை வருசம் கழிச்சும் மக தன்னை வேணாங்கிறான்னு நெனைச்சிருப்பாரு. ஒரேயடியா வர்றவருக்கு வீட்டுல எடம் இருக்கான்னு சந்தேகம் வந்திருக்கும். அதான் ரெண்டு வருசம்."

சுடர்விழி குனிந்து அழுதாள். அப்பா தன்னை விட்டுப் போனார் என்று இத்தனை காலமும் நினைத்து ஏங்கிய நாளில், வாசல் வரை வந்த மனிதரைப் போகச் சொன்னவள் தான்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. கார்முகில் பக்கத்தில் வந்து நின்றான்.

"அந்த ஷாட்டை எடுத்துடவா?"

"வேணாம்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "படம் எல்லாம் சரியா இருக்கு. நான் எழுதுன பாட்டுத்தான் தப்பு. புதுசா எழுதித் தாரேன். ஒன்னைச் சந்தேகப்பட்டதுக்கு என்னை மன்னிச்சிருடா."

"பரவால்ல. மொதல்ல போன் பண்ணு" என்றான் அவன்.

அவளுடைய ஃபோனிலிருந்து அழைத்தபோது மணி அடித்து அடித்து ஓய்ந்தது. செங்கமலத்தின் ஃபோனிலிருந்து அழைத்ததும் எடுத்துவிட்டார்.

"சொல்லு செங்கமலம்" என்றது குவைத்துக் குரல்.

சுடர்விழி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அரவிந்த்குமார் எதையாவது சொல்லிவிடுவானோ என்று அமுதவல்லி அவனைப் பார்த்தார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன செங்கமலம், பேச மாட்டேங்கிற? புள்ள நல்லாயிருக்குல்ல?"

"அப்பா, நான்தான்."

ஃபோனை வைத்துவிடுவாரோ என்று அவள் பயந்தாள். சொல்ல நினைத்ததில் ஒன்றே ஒன்றுதான் வந்தது.

"வாங்கப்பா."

மறுபக்கம் குழாயைத் திறந்துவிட்டதைப் போலத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, குழாயை மூடுங்க" என்றாள் சுடர்விழி. "அழுதா இங்கயே அழுங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"வாரேன் ஆத்தா" என்றார் ராக்கன். "நாளைக்கே முதலாளிகிட்டச் சொல்லிட்டு வாரேன்."