இரண்டு கோப்பைத் தண்ணீர்

மூன்று பத்துக்கு ஏறிய கோடு மூன்று பன்னிரண்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். அன்று இறங்கவில்லை. மூன்று பதினான்கு வரை விறைப்பாக நின்றுவிட்டுத்தான் விழுந்தது.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனான். கெட்டிலில் ஒரு கோப்பைத் தண்ணீர் கொதிக்க இரண்டு நிமிடம். நான்கு நிமிடம் என்றால் இரண்டு கோப்பை. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு எட்டு வயதுப் பெண்.

மின் அலுவலகத்தின் நான்காவது மாடியில் கோடு பார்ப்பதுதான் அவன் வேலை. நகரத்து வீடுகளுக்கெல்லாம் புது மீட்டர் மாட்டியதிலிருந்து, ஒவ்வொரு வீடும் தான் இழுக்கும் மின்சாரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை ஒப்பித்துக்கொண்டே இருந்தது. சொன்னதெல்லாம் திரையில் கோடாக ஓடும். பழகிய கண்ணுக்கு அந்தக் கோட்டில் ஒளிவுமறைவே கிடையாது. எழுந்தது, குளித்தது, சண்டை போட்டுத் தூங்காமல் விளக்கெரித்தது, பூட்டிக்கொண்டு வெளியூர் போனது எல்லாமே தெரியும். சொந்த வீட்டுக் கோட்டைத் திறக்கக் கூடாது என்பது விதி. மனைவி இறந்த பிறகு, பத்து மாதமாக, அவன் தினமும் மூன்று மணிக்கு அதைத் திறந்தான். பள்ளிவிட்டு வரும் மகள் கழுத்துக் கயிற்றில் தொங்கும் சாவியால் கதவைத் திறப்பாள். விளக்கு, ஒரு சின்னப் படி. கெட்டில், ஒரு கோபுரம். பிறகு டிவி, ஃபேன். அடியில் ஃபிரிட்ஜ் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும் அலை. ஆறு மணிக்கு அவன் வீட்டில் இருப்பான். அதற்கப்புறம் கோடு எதற்கு?

"என்ன தம்பி, பொண்ணப் பாத்துட்டியா?" பக்கத்து மேசையிலிருந்து கைரேகை அக்கா கேட்டாள். வீடுகளின் ரேகை பார்ப்பதால் அந்தப் பெயர்.

"ரெண்டு கப் வெச்சிருக்கா அக்கா."

"வளர்ற பிள்ளை. உன்ன மாதிரி நோஞ்சானாவா இருக்கும்?" சிரித்துவிட்டு அவள் தன் திரையைக் காட்டினாள். "இங்க பாரு கூத்த. ஃபிரிட்ஜ் மூச்சு விடாம ஓடுது. சாப்பாட்டைச் சூடு ஆறாம அப்படியே உள்ள தள்ளியிருக்காங்க. அது குளிர்ற வரைக்கும் கோடு இறங்கவே இறங்காது. சோம்பேறிக் குடும்பம்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் செய்த மடத்தனம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். யாராவது ஒரு வீட்டுக் கோட்டை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அவன் தன் வீட்டைப் போட்டிருந்தான். பகலை மட்டும் வெட்டி, பேர் போடாமல். ஆனால் மூலையில் மீட்டர் எண் இருந்ததைக் கவனிக்கவில்லை. எல்லோரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள்: மூன்றிலிருந்து ஆறு வரை சின்னப் பிள்ளை, தனியாக.

அந்தக் குழுவில் முப்பத்தெட்டு பேர்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது சுண்டெலி சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் செல்லப் பெயருக்கு ஏற்ற மாதிரி பென்சிலின் பின்பக்கத்தைக் கொறித்துக்கொண்டே இருந்தாள். அடுப்படியில் எதுவும் கலைந்திருக்கவில்லை. தாழ்ப்பாள் சரியாக இருந்தது. ஜன்னல் கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"யாராச்சும் வந்தாங்களாடா?"

"இல்லப்பா. யாருமே வரல."

பொய் சொன்னால் அவள் கண் கூரைக்குப் போகும். போகவில்லை.

அப்போதுதான் அவள் தலையைப் பார்த்தான். காலையில் அவன் போட்டது கோணல் குதிரைவால். அவனுக்கு அதற்குமேல் வராது. இப்போது இரட்டைப் பின்னல். உச்சியிலிருந்து பிடரி வரை அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒரு வகிடு. யாராலும் தன் தலையில் தானே எடுத்துக்கொள்ள முடியாத வகிடு. குனிந்து முகர்ந்தான். நெடுநாள் திறக்காத பெட்டியைத் திறந்ததும் வருமே, அப்படி ஒரு குளிர்ந்த வாசனை.

"யாரு பின்னிவிட்டது?"

"ஸ்கூல்ல." கண் கூரைக்குப் போனது.

இரவு போர்வையை இழுத்துவிட்டபடி, வெள்ளிக்கிழமையிலிருந்து பள்ளிவிட்டு நேராக அத்தை வீட்டுக்குப் போக வேண்டும் என்றான். அவள் அழவில்லை.

"அப்போ நாளைக்குச் சொல்லிடறேன்."

"யார்கிட்ட?"

அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். உள்ளிருந்து மூச்சு மட்டும் கேட்டது. சீராக, தூங்குபவளைப் போல.

மறுநாள், வியாழக்கிழமை, மூன்று பத்துக்குக் கோடு ஏறியது. மூன்று பதினான்குக்கு இறங்கியது.

கெட்டிலில் கோளாறாகவும் இருக்கலாம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். சரிபார்க்க வழி இருந்தது. நேற்று இரவு ஏழரைக்கு, தனக்கும் அவளுக்குமாக அவனே இரண்டு கோப்பைத் தண்ணீர் வைத்திருந்தான். அதன் அகலத்தை அளந்தால் போதும். கோட்டைப் பின்னால் தள்ளினான். பத்து மாதத்தில் முதல்முறையாக, ஆறு மணிக்கு அப்பால்.

ஏழரையில் எதுவும் இல்லை.

ஒன்பது மணிக்கு அவளுடைய பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். இஸ்திரிப் பெட்டியின் கோடு பல்வரிசை மாதிரி இருக்கும், குருடனுக்குக்கூடத் தட்டுப்படும். அதுவும் இல்லை. காலை ஹீட்டர் இல்லை. விளக்கு இல்லை. ஐந்து ஐம்பதுக்கு எல்லாம் அணைந்து, மறுநாள் மூன்று மணி வரை அந்த அலை மட்டும். ஏறி, இறங்கி. ஏறி, இறங்கி.

இது அவன் வீடே இல்லை.

மாதத்துக்கு இரண்டு புகாராவது இப்படி வரும். அவனே தீர்த்து வைத்திருக்கிறான். மீட்டர் மாட்டுகிறவர் அவசரத்தில் எதிரெதிர் வீடுகளின் எண்ணை மாற்றி எழுதிவிடுவார். அவன் எதிர்வீட்டின் எண்ணைத் திறந்தான். உரிமையாளர் இரண்டு வருடம் முன்பு பூட்டிக்கொண்டு போன வீடு. கம்பிக் கதவில் விளம்பரத் தாள்கள் செருகி மஞ்சளாகிக் கிடக்கும் வீடு.

ஏழரைக்குக் கெட்டில். ஒன்பதுக்கு இஸ்திரி. காலை ஆறுக்கு ஹீட்டர். அவன் வாழ்க்கை முழுவதும் அங்கே இருந்தது. மூன்றிலிருந்து ஆறு வரை மட்டும் ஃபிரிட்ஜைத் தவிர ஒன்றும் இல்லை. நேற்று இல்லை. போன மாதம் இல்லை. பத்து மாதமாகவே இல்லை.

யாருமே வரவில்லை என்று அவள் சொன்னது உண்மைதான். அவள்தான் போயிருக்கிறாள்.

வீட்டுத் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

"அக்கா, இந்தக் கோட்ட விட்டுக் கண்ண எடுக்காதீங்க. நான் போன்லயே இருக்கேன். என்ன நடந்தாலும் சொல்லுங்க."

"என்னடா ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு..."

அவன் படிக்கட்டில் இருந்தான்.

சாலை முழுக்க வெயில். ஹெல்மெட்டுக்குள் அக்காவின் குரல். "டிவி ஓடுது தம்பி. ஃபேன் ஓடுது. எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மெதுவா போ." ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றான். டிவி ஓடுகிறது. ஃபேன் ஓடுகிறது. பத்து மாதமாக அவனைத் தாலாட்டிய அதே டிவி, அதே ஃபேன்.

மூன்றாவது மாடி. ஹெல்மெட்டைக் கழற்றி, போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் செருகினான். நடையில் ஃபினாயில் வாசனை. சுவரில் இரண்டு மீட்டர்கள், பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் சிவப்புப் புள்ளி. தன் வீட்டைத் திறந்தான். காலையில் விட்டுப்போன இருட்டு அப்படியே இருந்தது. புத்தகப் பை இல்லை. கெட்டிலைத் தொட்டான்.

ஜில்லென்று இருந்தது.

திரும்பினான். எதிர்வீட்டு வாசலில், இரண்டு சின்னக் கறுப்பு ஷூக்கள். ஜோடியாக. நுனி கதவைப் பார்த்தபடி.

கம்பிக் கதவில் பூட்டு. பூட்டின் மேல் துரு. துருவிலிருந்து சுவர் வரை ஒரு சிலந்திவலை, ஓர் இழைகூட அறுபடாமல்.

காதைக் கம்பிகளுக்கு இடையே வைத்தான். உள்ளே டிவியில் யாரோ பாடினார்கள். கோப்பை தட்டில் உரசும் சத்தம். பிறகு அவள் குரல். தணிந்து, மரியாதையாக, எதையோ சொல்லி முடிக்கும் குரல்.

"வெள்ளிக்கிழமைலேர்ந்து வர மாட்டேன்."

"சுண்டெலி!" கம்பியைப் பிடித்து உலுக்கினான். "அப்பா வந்துட்டேன்டா! கதவத் திற!"

பாட்டு நின்றது.

"தம்பி." அக்காவின் குரல். "டிவி நின்னுடுச்சு."

உதைத்தான். பூட்டு அசையவில்லை.

"ஃபேன் நின்னுடுச்சு. லைட்டும் போச்சு."

தீயணைப்பான் சுவரில் தொங்கியது. பிடுங்கி அடித்தான். மறுபடி. வலை கிழிந்தது. பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே எங்கோ ஆழத்தில், ரப்பர் விளிம்பு வைத்த கனமான கதவு ஒன்று திறக்கும் சத்தம். பிறகு மூடும் சத்தம்.

அவன் கை தொங்கிப்போனது.

"இப்ப ஃபிரிட்ஜ் மட்டும்தான்." போனில் அக்காவின் நாற்காலி கிரீச்சிட்டது. "தம்பி, நீ எங்க நிக்கிற? பொண்ணு உன்கூடதானே இருக்கா?"

அவன் அடித்தான். அடித்தான். யாரும் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கவில்லை. சுவரில் ஒரு மீட்டரின் புள்ளி நிதானமாகச் சிமிட்டியது. மற்றது வேகமாக.

"இறங்குச்சா அக்கா?"

போனை எடுத்துக் காதோடு அழுத்தினான்.

"அக்கா. கோடு இறங்குச்சா?"

"இல்லப்பா," என்றாள் அவள், மிக மெதுவாக. "இன்னும் இல்ல."